மினிபஃபர்
ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியில் திரையின் அடியில் தோன்றும் உள்ளீட்டு வரி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பியை லிஸ்ப் மொழியால் விரிக்கலாம். அதன் ‘கம்ப்ளீட்டிங்-ரீட்’ செயற்கூறு, டேப் விசையை அழுத்தியதும், பொருந்தும் பெயர்கள் அனைத்துக்கும் பொதுவான முற்பகுதி வரை தானே நிரப்பும். பட்டியலில் இல்லாததை ஏற்காதபடியும் அமைக்கலாம்.

தமிழில் வேடிக்கையான சிக்கல் ஒன்றுண்டு. தமிழ்நாட்டை ஒட்டிய கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலை, பூவார், பெருங்கடவிளை மூன்றை மட்டும் பட்டியலிட்டு டேப் தட்டினால், எந்த ஊரும் ‘ப’வில் தொடங்காவிட்டாலும் ‘ப’ வந்து நிற்கும். பா, பூ, பெ மூன்றையும் யூனிகோடு ‘ப’வும் உயிர்க்குறியுமாகச் சேமிப்பதே காரணம். தமிழும் மலையாளமும் புழங்கும் அந்த எல்லைப்புறத்துக்குத் தேவையான இரு மொழி இன்ஸ்கிரிப்ட் உள்ளீட்டு முறைகளும் ஈமேக்ஸிலேயே உள்ளன. ஆனால் செயற்கூற்றின் கடைசி அளபுருவில் சொன்னாலொழிய, நடப்பு உள்ளீட்டு முறை மினிபஃபருக்குத் தொடராது.