அரை இன்ச்

உங்கள் கார் டயரின் பக்கவாட்டை என்றைக்காவது குனிந்து படித்திருக்கிறீர்களா? '185/65 ஆர் 15' என்கிற மாதிரி ஏதோ எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சதவிகிதம்... அதாவது, டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 65 சதவிகிதம். 'ஆர்' என்றால் ரேடியல். கடைசி 15, ரிம்மின் விட்டம், இன்ச்சில்!

மில்லிமீட்டர், சதவிகிதம், இன்ச் என்று ஒரே வரியில் மூன்று கணக்கு. எந்தப் புண்ணியவான் இப்படிக் குழப்பினார் என்று கேட்பீர்கள். ஒரு ஆள் இல்லை. நூறு வருஷக் குழப்பம் அது!

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்து கால்நடை டாக்டர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்கு பேட்டன்ட் வாங்கினார். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக ஆரம்பித்த வேலை. அந்த டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். பஞ்சரானால் தொலைந்தது... பிய்த்து, ஒட்டி, பசை காயும் வரை காத்திருக்க வேண்டும். 1891-ல் பிரான்ஸின் மிஷெலின் சகோதரர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் பாரீஸ் - பிரெஸ்ட் - பாரீஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த ஷார்ல் டெரோன் ஓட்டியது அந்த டயரில்தான்.

பெரிய வசதிதான். கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. ஒட்டியிருந்தவரை டயரும் ரிம்மும் புருஷன் - பெண்டாட்டி. கழற்ற முடியும் என்று ஆனதும், எந்த டயரை எந்த ரிம்மில் மாட்டலாம் என்று ஜாதகம் பார்க்க வேண்டியதாகிவிட்டது!

நம்ம அம்பாஸடர் காலம் வரை ஜாதகம் சுலபம். அதன் டயர் '5.90 - 15'. இரண்டுமே இன்ச். பக்கச்சுவரின் உயரமும் கிட்டத்தட்ட அகலத்தை ஒட்டியே இருந்ததால், சதவிகிதத்துக்கு அங்கே வேலை இல்லை. 1946-ல் மிஷெலின் கம்பெனி ரேடியல் டயருக்கு பேட்டன்ட் எடுத்து, 1949-ல் விற்க ஆரம்பித்தது. ரேடியல் வளர வளர, டயரின் அகலம் மில்லிமீட்டருக்கு மாறியது. வேகமான கார்கள் வந்ததும், வளைவில் நெளியாமல் இருக்கப் பக்கச்சுவரைக் குட்டையாக்கினார்கள். சதவிகிதம் முளைத்தது. ஆனால் ரிம்? உலகம் பூரா இன்ச்சில் வார்த்துத் தள்ளியிருந்தார்களே... மாற்ற முடியவில்லை.

மிஷெலின் முயற்சி செய்து பார்த்தது. 1975-ல் டிஆர்எக்ஸ் என்ற டயரைக் கொண்டுவந்தபோது, ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றியது. 390 மில்லிமீட்டர் ரிம்! 15 இன்ச் டயரும் அதற்குச் சேராது, 16 இன்ச்சும் சேராது. ஃபோர்டு மஸ்டாங், பி.எம்.டபிள்யூ. என்று சில கார்களில் வந்து, பிறகு வழக்கொழிந்துபோனது. அப்படியொரு பழைய கார் வைத்திருப்பவருக்கு இன்று இரண்டே வழி: கூடுதல் விலை கொடுத்து அபூர்வ டயரை வாங்குவது, அல்லது நான்கு ரிம்மையும் மாற்றுவது.

அதுவாவது பர்ஸோடு போயிற்று. அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே பிக்கப் வண்டிகளில் 16 இன்ச் ரிம்மும் இருந்தது, 16.5 இன்ச் ரிம்மும் இருந்தது. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 16 இன்ச் டயரை 16.5 ரிம்மில் மாட்டினால் முதலில் ஏறிவிடும். ஆனால் விளிம்பு சரியாக உட்காராது. 'இன்னும் கொஞ்சம் காற்று அடித்தால் உட்கார்ந்துவிடும்' என்று கடைக்காரர் அழுத்தத்தைக் கூட்டுவார். டயர் விளிம்புக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையம் அறுந்து, குண்டு மாதிரி வெடிக்கும். குனிந்து நிற்கிற மனிதரின் கதி?

இப்படிப் படுகாயமடைந்த ஒரு மெக்கானிக்கின் வழக்கு டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. டயரில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. ஒரு தொழிலாளி தூக்கியெறியப்படுகிற படம்கூட அதில் இருந்தது. 'நாங்கதான் சொல்லியிருக்கிறோமே' என்றது கம்பெனி. 1998-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதைவிடப் பத்திரமான கம்பி வளையத்தைச் செய்ய வழி இருக்கும்போது, வெறும் எச்சரிக்கை மட்டும் உன்னைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. இத்தனைக்கும் காரணம், அரை இன்ச்!

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். புதுக் கார் வாங்கியதும், 'அலாய் போட்டு, டயரைக் கொஞ்சம் பெரிசாக்கலாமே' என்று கை துறுதுறுக்கும். செய்யலாம், கணக்கோடு! 185/65 ஆர் 15 டயரின் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். 16 இன்ச் ரிம்மில் 195/55 போட்டால் 620.9. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், சபாஷ்! அதையே ரிம்மை மாற்றாமல் 205/65 போட்டால், 647.5. வண்டியை முழுசாகத் திருப்பினால் டயர் உரசலாம். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 104-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

உயரம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. சாதாரண 195/55 ஆர் 16 டயரில் பெரும்பாலும் 87-தான் இருக்கும். பழைய டயரில் 88 இருந்தால், குடும்பமும் லக்கேஜுமாகக் கிளம்பும்போது டயருக்கு 15 கிலோ தாங்குசக்தி குறைந்துபோயிருக்கும். அதனால் பழைய எண்ணோ, அதைவிடப் பெரிசோ கேட்டு வாங்குங்கள்.

ரிம்மின் ஓட்டைகளையும் பாருங்கள். பல ஜப்பானிய சின்ன கார்களில் நான்கு ஓட்டைகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். ஃபியட்டில் 98. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் முடுக்கினால் ஏறிவிட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் போல்ட் நேராக உட்காராது, ஓட ஓடத் தளரும்.

டயர் கடைக்காரர், 'மாட்டிரலாம் சார்' என்பார். மாட்டுவதில் கஷ்டமே இல்லை. அந்த 16 இன்ச் டயரும் 16.5 ரிம்மில் ஏறத்தானே செய்தது!