நிலக்கீழ் மண்டபத்தில் கேட்ட பாட்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நியூயோர்க் சென்றிருந்தபோது, எனது சகோதரியின் மகன் புறூக்ளினில் உள்ள நிலக்கீழ் மண்டபம் ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றான். "மாமா, நீங்கள் எழுதுகிற ஆள். இதையும் ஒருக்கால் வந்து பாருங்கோ" என்பது அவனது வாதம்.

இருநூறு பேரளவில் நெருக்கியடித்து நின்ற அவ்விடத்தில் நரைத்த தலை என்னுடையது மட்டுமே. பாடியவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். எந்த இசைத்தட்டு நிறுவனத்துடனும் அவருக்கு ஒப்பந்தமில்லை. இணையத்தில் தாமே ஏற்றிய பாடல்களால் அறியப்பட்டவர். ராப் என்றால் சந்தத்தோடு விரைந்து பேசுவது என்று எண்ணியிருந்த எனக்கு அவர் செய்தது புதிராக இருந்தது. பாதி பேச்சு, பாதி பாட்டு. சொற்கள் இழுபட்டு, ஏறக்குறைய அழுகையாகவே முடிந்தன.

இது ராப்பின் சீரழிவு என்று கூறும் பழைய இரசிகர்கள் அமெரிக்காவில் பலர். அன்று நானும் அவர்கள் பக்கமே நின்றேன். மறுநாள் பிரொங்ஸில், செட்விக் அவெனியூ 1520ஆம் இலக்க மாடிக் குடியிருப்பின் முன் நின்றபோதுதான் அந்த எண்ணம் தளரத் தொடங்கியது.

1973 ஓகஸ்ட் 11 அன்று, இக்கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கம்பெல் என்ற மாணவி, பாடசாலைக்குப் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்கும் பொருட்டு ஒரு களியாட்டம் நடத்தினார். நுழைவுக்கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவரது அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹேர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, மேளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டிக்கொண்டே போகும் உத்தி அவருடையது. ஊடே ஒலிவாங்கியில் உற்சாகக் குரல் எழும். ஹேர்க் 1967இல் ஜமேக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தவர் என்பது இங்கு முக்கியமானது. இசைத்தட்டு ஓட, அதன் மேல் பேசுவது அத்தீவின் தெருக்களில் ஏற்கெனவே இருந்த வழக்கம். பேச்சையும் பாட்டையும் பிரிக்காத 'சிங்ஜே' பாணி பின்னர் வளர்ந்ததும் அதே மரபில்தான்.

அன்றைய பிரொங்ஸ் எரிந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலை குடியிருப்புகளை ஊடறுத்திருந்தது. காப்புறுதிப் பணத்துக்காக உரிமையாளர்களே தீமூட்டிய கட்டடங்களும் உண்டு. 1979 வரை ராப் இசைத்தட்டாக வெளிவரவேயில்லை. நேரில் கேட்கவேண்டும், அல்லது கைமாறிய கசற் நாடாவில் கேட்கவேண்டும். நான் புதுமை என்று எண்ணிய 'நிறுவனமற்ற பாடகர்', உண்மையில் மிகப் பழையவர்.

இராகமும் அவ்வாறே அவ்வப்போது தலைகாட்டியது. தொண்ணூறுகளில் கிளீவ்லாந்தின் போன் தக்ஸ் குழுவும் லோரின் ஹில்லும் பாடிக்கொண்டே ராப் செய்தனர். 1997இல், எண்ணெய்த் தேடலுக்காக நிலஅதிர்வு ஒலிகளை ஆராய்ந்த அன்டி ஹில்டபிராண்ட் என்ற பொறியியலாளர், பிசகும் சுருதியைத் திருத்தும் 'ஓட்டோ டியூன்' மென்பொருளை வெளியிட்டார். (நிலத்தடியைத் துழாவிய கணிதம் மனிதக் குரலுக்குள் வந்து சேர்ந்த கதை தனியே எழுதத்தக்கது.) 2007இல் தாயை இழந்த கன்யே வெஸ்ட், மறுவருடம் வெளியிட்ட தொகுப்பு முழுவதிலும் அதனைக் குறை மறைக்கவன்றித் துயரம் சொல்லவே பயன்படுத்தினார். பதினொரு வயதில் தந்தையை இழந்த கிட் கடியும் அதே வழியில் தனிமையைப் பாடினார்.

அடுத்த தலைமுறை இணையத்தில் வளர்ந்தது. லில் பீப் 2017இலும் ஜூஸ் வேர்ல்ட் 2019இலும் இறந்தனர். இருவரையும் பலிகொண்டது அளவுமீறிய மருந்துப் பாவனை. இருவருக்கும் வயது 21. இளைஞரின் மரணச் செய்திகளை எழுதியே பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்த எண்ணைக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

முந்திய இரவின் இறுதிப்பாடலில் பாடகர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். திருத்தப்படாத குரல் இரண்டாவது அடியிலேயே உடைந்தது. எஞ்சியதை மண்டபம் பாடி முடித்தது. என் மருமகனும் கண்களை மூடியபடி பாடினான். அவனுடைய நண்பன் ஒருவன் அதே வகை மாத்திரைகளால் அவ்வாண்டு இறந்திருந்தான் என்பதை, திரும்பும் வழியில் ரயிலில்தான் கூறினான். வீட்டில் எவருக்கும் அவன் சொல்லியிருக்கவில்லை.