இயன் கார்டோசோ

மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ (பிறப்பு: 1937) இந்திய இராணுவ அதிகாரி, எழுத்தாளர். 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரின்போது கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தார். அதன் பின்னரும் செயற்கைக் காலுடன் பணியில் நீடித்து, காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்கும் பிறகு பிரிகேட் ஒன்றுக்கும் தலைமை ஏற்றார். இந்திய இராணுவத்தில் உறுப்பிழந்த அதிகாரி ஒருவர் இப்பொறுப்புகளை வகித்தது அதுவே முதல்முறை.

பிறப்பும் பயிற்சியும்

கார்டோசோ மும்பையில் பிறந்தார். தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் பயின்றபோது தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம் இரண்டையும் ஒருங்கே பெற்ற முதல் மாணவர் அவர். பயிற்சிக்குப் பின் 5 கூர்க்கா ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். கார்டோசோ என்ற பெயர் கூர்க்கா வீரர்களின் நாவில் எளிதில் வரவில்லை. ஆகவே அவர்கள் அவரைக் 'கார்தூஸ் சாகிப்' என்று அழைத்தனர். கார்தூஸ் என்றால் தோட்டா.

வெலிங்டனிலிருந்து போர்முனைக்கு

1971இல் மேஜராக இருந்த கார்டோசோ, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பட்டாலியன் ஏற்கெனவே கிழக்கு எல்லையில் போரிட்டுக்கொண்டிருந்தது. அதன் இரண்டாம் நிலைத் தளபதி போரில் இறந்ததால், அந்த இடத்திற்குச் செல்லுமாறு கார்டோசோவுக்கு ஆணை வந்தது. டிசம்பரில் அந்த பட்டாலியன் ஹெலிகாப்டர்கள் மூலம் சில்ஹெட் நகருக்கு அருகே இறக்கப்பட்டது. இந்திய இராணுவம் ஹெலிகாப்டர்களில் படையை இறக்கிப் போரிட்ட முதல் நடவடிக்கை அது.

காலை இழந்த நாள்

டாக்கா வீழ்ந்த பின்னர், கார்டோசோ கண்ணிவெடி ஒன்றை மிதித்தார். அவரது கால் சிதைந்தது. அருகில் இருந்த உள்ளூர்வாசி ஒருவர் அவரைத் தூக்கிச்சென்று முகாமில் சேர்த்தார். அங்கே வலிமருந்தும் இல்லை, அறுவைக் கருவிகளும் இல்லை. சிதைந்த காலை வெட்டும்படி தம் உதவியாளரான கூர்க்கா வீரரிடம் அவர் கேட்டார். அவருக்கு மனம் வரவில்லை. எனவே கார்டோசோ குக்ரிக் கத்தியை வாங்கித் தாமே வெட்டிக்கொண்டு, வெட்டிய பகுதியைப் புதைத்துவிடச் சொன்னார்.

பின்னர் அவருக்கு முறையான அறுவை சிகிச்சை செய்தவர் பிடிபட்டிருந்த பாகிஸ்தான் இராணுவ மருத்துவர், மேஜர் முகமது பஷீர். எதிரிநாட்டு மருத்துவரிடம் சிகிச்சை பெற முதலில் மறுத்த கார்டோசோ, தம் தளபதி வற்புறுத்திய பிறகே இசைந்தார்.

மீண்டும் பணியில்

புனேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்தில் அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. போரில் உறுப்பிழந்தவர்களுக்காக 1944இல், இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கப்பட்ட நிலையம் அது. முதல் உலகப் போரின்போதே, ஊனமுற்ற வீரர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்க 1917இல் பம்பாயில் குயின் மேரி தொழில்நுட்ப நிலையம் அமைக்கப்பட்டிருந்தது. படையை விட்டு வெளியேறும் வீரர் வேறு தொழில் கற்றுப் பிழைக்க வேண்டும் என்பது அந்த நிலையத்தின் நோக்கம். கார்டோசோ கேட்டது வேறு. தாம் முன்பு செய்த அதே வேலையை, வீரர்களை முன்னின்று நடத்தும் பொறுப்பை, அவர் திரும்பக் கேட்டார்.

இராணுவம் தயங்கியது. மேசைப் பணியை ஏற்க மறுத்த கார்டோசோ, இரண்டு கால்களும் உள்ள அதிகாரிகளுடன் உடற்தகுதித் தேர்வில் கலந்துகொண்டு அவர்களில் சிலரை முந்தினார். தரைப்படைத் தளபதி ஜெனரல் டி.என். ரெய்னா அவரை லடாக்கிற்கு வரச்செய்தார். அங்கு பனி மூடிய மலைப்பாதையில் கார்டோசோ நடப்பதை நேரில் கண்ட பிறகே பட்டாலியன் தலைமைக்கு ஒப்புதல் அளித்தார்.

பிற்காலப் பணிகள்

1993இல் ஓய்வு பெற்ற கார்டோசோ, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான அமைப்பில் பணியாற்றினார். 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவராக இருந்தார். சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு அங்கீகாரம் வழங்குவது இந்த மன்றமே. இராணுவ வரலாற்று நூல்களும் எழுதியுள்ளார்.

தொடரும் மரபு

கண்ணிவெடியில் காலிழந்த பின் தம் திறனை நிறுவியவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்தன் குணசேகரனும் ஒருவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு வீரரான அவர், 2008இல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே காலை இழந்தார். 2019இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த உலக இராணுவ விளையாட்டுப் போட்டிகளில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். கார்டோசோ பனியில் நடந்து காட்டியதும் குணசேகரன் ஓடுதளத்தில் ஓடிக் காட்டியதும் ஒன்றைத்தான் உணர்த்துகின்றன: உறுப்பிழந்தவருக்குச் சிகிச்சையும் செயற்கை உறுப்பும் மட்டும் போதா, தம் திறனைக் காட்டும் வாய்ப்பும் வேண்டும்.