மோர்க்காரம்மா மீது விழுந்த பழி

சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடும், 1953 வரை சென்னை மாநிலத்தோடும் இருந்த ஊர். ஆந்திரத்துக்குப் போன பிறகும் எங்கள் தெருவில் தமிழ்தான். 1974 கோடையில் எனக்கு ஒன்பது வயது. தெருவுக்குப் புதிதாக வந்த மோர்க்காரம்மாவிடம் முதன்முதலாக மோர் வாங்கிக் குடித்தேன். மறுநாள் சீதபேதி. டாக்டர் மலத்தைச் சோதித்து, "அமீபா" என்றார். "அந்த மோர்தான்டா, வேறென்ன?" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் தெருவே அவரிடம் வாங்குவதை நிறுத்தியது.

இப்போது திருப்பதியில் இருக்கிறேன். இக்கிருமியின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தத் தீர்ப்பு தவறென்று புரிந்தது.

1875-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோஷ் என்ற மருத்துவர் சீதபேதி நோயாளியின் மலத்தில் அமீபாவைக் கண்டு எழுதினார். அது தொற்றும் விதத்தை வாக்கர், செல்லார்ட்ஸ் இருவரும் மணிலாவின் பிலிபிட் சிறையில் ஆராய்ந்து 1913-ல் வெளியிட்டனர். சம்மதித்த கைதிகள் 20 பேருக்கு அமீபாவை விழுங்கக் கொடுத்தார்கள். சிறையில் இருப்பவன் தரும் சம்மதம் எப்பேர்ப்பட்ட சம்மதம் என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. 18 பேர் குடலில் அமீபா தங்கியது. சீதபேதி கண்டதோ 4 பேருக்குத்தான். அதுவும் 20, 57, 87, 95 நாள் கழித்து!

நோயாளியின் நீர்த்த மலத்தில் போகும் அமீபா வெளியே சீக்கிரம் செத்துவிடும். நன்றாக நடமாடுகிறவர் மலத்தில் வருவதோ ஓடு போர்த்த அமீபா. ஈரத்தில் அது வாரக்கணக்கில் பிழைக்கும். கழுவாத கை, சாக்கடை கலந்த தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்கு வரும். இரைப்பை அமிலம் அந்த ஓட்டைக் கரைக்காது. சிறுகுடலில் ஓடு திறந்து எட்டுக் குட்டி அமீபாக்கள் வெளிவந்து பெருங்குடலில் குடியேறும். பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குக் குடற்சுவரை அரிக்கும், இரத்தத்தோடு ஈரலுக்கும் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும்.

ஆக, எனக்கு வந்த அமீபா மோர் குடிப்பதற்குப் பல நாள் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குடத்திலிருந்தே போயிருக்கலாம். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் அளவு குளோரினுக்கு அந்த ஓடு மசியாது. கொதிக்க வைத்தால் சாகும். எங்கள் வீட்டில் அப்போது யாரும் தண்ணீர் காய்ச்சியதில்லை.

வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்டதையும் அதைக் கொடுத்தவரையும் பழிப்பது நம் வழக்கம். மோர்க்காரம்மா அதற்கப்புறம் எங்கள் தெருப்பக்கம் வரவேயில்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.