சாம்பியன் ரீப்ஸ்: வேலையே குடியிருப்புரிமையாக இருந்த வரலாறு

கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ‘லைன்’ என்றே பெயர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் விரிந்தபோது வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியமர்ந்தனர். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. மேலே வீடு தட்டியாகவே நெடுங்காலம் நின்றது.

1952இல் இந்திய அரசு கொணர்ந்த மானியத் தொழிலாளர் வீட்டுத் திட்டம் ஊதியத்திற்கு உச்சவரம்பு வைத்து, மானியத்தால் வாடகையைக் குறைத்தது. தங்கவயலின் அளவுகோல் வேறு. ஊதியம் எவ்வளவு என்பதன்று, சுரங்கப் பேரேட்டில் பெயர் உண்டா என்பதே கேள்வி. அங்கு வாடகை குறைவாக இருந்ததை நிறுவனத்தின் தாராளமாகக் கொள்வது பிழை. வீட்டுக்கு உரியவனே முதலாளியாகவும் இருக்கையில் வேலைநிறுத்தம் என்பது கூரையையும் பணயம் வைப்பதாகும். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் நடந்த வேலைநிறுத்தத்தின் துணிவை இதைக் கொண்டே அளக்கவேண்டும்.

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. உடைமை பொதுவாயிற்று, வீட்டையும் வேலையையும் பிணைத்த முடிச்சு மட்டும் அவிழவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது அதன் விளைவு வெளிப்பட்டது. வருமான வரம்பு அளவுகோலாக இருந்திருப்பின் வேலையிழந்தவரே முதல் தகுதியாளர். வேலை அளவுகோலாக இருந்தமையால் அவரே உரிமையற்றவரானார். ஆயினும் குடும்பங்கள் வெளியேறவில்லை. விடியலில் பெங்களூருக்கு ரயிலேறி, இரவில் அதே லைனுக்குத் திரும்புவோர் இன்றும் பலர்.