'இங்கே' என்ற சொல்

'கும்பயா' பாட்டை நான் முதலில் கேட்டது ஒரு சாரணர் முகாமில். தீயைச் சுற்றி உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து பாடினோம். அர்த்தம் கேட்டபோது, அது ஆப்பிரிக்கச் சொல், அர்த்தமெல்லாம் தேட வேண்டாம், பாடினால் போதும் என்றார் எங்களை அழைத்துப் போனவர். வெகுகாலம் நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலேயே பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள் என்பது பிறகு தெரிய வந்தது.

அது ஆப்பிரிக்கச் சொல் அல்ல. ஆங்கிலம்தான். 'இந்தப் பக்கம் வா' என்று பொருள்படும் மூன்று சாதாரண ஆங்கிலச் சொற்கள். 'இங்கே' என்பதற்கான ஆங்கிலச் சொல் தென்கிழக்குக் கடற்கரைக் கறுப்பின மக்களின் வாயில் 'யா' என்றோ 'ய' என்றோ ஒலிக்கும். கேட்டவர் கேட்டபடி எழுதிவைத்தார். ஒருவன் 'இங்ஙன வா' என்று கூப்பிட, வெளியூர்க்காரர் அதை 'இங்ஙனவா' என்று ஒரே சொல்லாகக் குறித்துக்கொண்டு இது எந்தத் தீவின் மொழி என்று ஆராயப் புறப்பட்டால் எப்படி இருக்கும்? இங்கே நடந்தது அதுதான்.

இந்தப் பாட்டைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் 1926ஆம் வருஷத்தைச் சேர்ந்தவை. ராபர்ட் கார்டன் என்பவர் 'அட்வென்ச்சர்' என்ற சாகசக் கதைப் பத்திரிகையில் பழைய பாட்டுகளைப் பற்றி ஒரு பகுதி நடத்திவந்தார். அவருடைய மனைவியின் ஊர் ஜார்ஜியா மாநிலத்துக் கடற்கரையிலுள்ள டேரியன். அங்கே தங்கிச் சுற்றுவட்டாரத்துக் கறுப்பின மக்களின் பாட்டுகளை எடிசன் இயந்திரத்தின் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று இது. பாடியவர் எச். வைலி. முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அதே 1926இல், வட கரோலினாவின் அலயன்ஸ் என்ற சிற்றூரில், பின்னாளில் ஜெஃபர்சனின் ஆவணங்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற ஜூலியன் பாய்டின் சேகரிப்பில் இதன் இன்னொரு வடிவம் எழுத்தில் ஏறியது. ஒரே சமயத்தில் இரண்டு மாநிலங்களில் கிடைக்கிற பாட்டுக்கு ஒரு பிறந்த ஊரைக் காட்டுவது வீண் வேலை. அது அதற்கு முன்பே நடமாடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

வைலியின் பதிவைக் கேட்டிருக்கிறேன். மெழுகின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு குரல். முகாமில் நாங்கள் பாடியது ஒரு தாலாட்டு. இது தாலாட்டு அல்ல. யாரோ ஒருவருக்கு நீ தேவை என்று ஆண்டவனிடம் சொல்லிக்கொண்டு தொடங்குகிறார். சற்றுப் போனதும் அந்த 'யாரோ' போய், எனக்கு நீ தேவை என்று ஆகிவிடுகிறது. பிறருக்காகப் பரிந்துபேச வந்தவன் பேச்சுக்கிடையில் தன் வயிற்றைத் தொட்டுக்காட்டிவிடுகிற மாதிரி. பிரபலமான வடிவத்தில் இந்த 'நான்' கிடையாது. யாரோ அழுகிறார், யாரோ ஜெபிக்கிறார், யாரோ பாடுகிறார் என்று அது நகர்கிறது. பாடுகிற நமக்கு ஒன்றும் வேண்டியதில்லை. துயரம் எப்போதும் அடுத்த வீட்டில்தான்.

'இங்கே' என்றால் எங்கே? டேரியனுக்கு எதிரே, ஆல்டமஹா ஆற்று முகத்துவாரத்தில் பட்லர் தீவு இருக்கிறது. அடிமைகளை வைத்து நெல் விளைவித்த பெரும் பண்ணை. அதன் சொந்தக்காரரான பியர்ஸ் பட்லர் கடனை அடைப்பதற்காக 1859 மார்ச்சில், சவானா நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில், தன்னிடமிருந்த அடிமைகளில் 436 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஏலம் இரண்டு நாள் நடந்தது. அந்த நாட்களை 'அழுகைக் காலம்' என்றே சொல்கிறார்கள். வைலியின் பாட்டு அந்த ஏலத்திலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1926இல் அந்தக் கரையில் நின்று ஒருவர் 'இங்கே' என்று பாடினால், அந்தச் சொல்லுக்குக் காலடியில் மண் இருந்தது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்ற தத்துவ சமாதானம் அவருக்குப் போதவில்லை. எங்கும் இருப்பவர் இந்தப் பக்கம் ஒரு நடை வரவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பாட்டுக்கு உரிமை கொண்டாட ஆள் வந்தது பிறகு. மார்வின் ஃப்ரே என்ற வெள்ளைக்காரச் சுவிசேஷப் பாடகர், இதைத் தாம் 1936இல், பதின்வயது தாண்டுமுன்பே இயற்றியதாகச் சொன்னார். 1939இல் அச்சிட்டுப் பதிப்புரிமையும் பெற்றார். எந்த 1936இல் தாம் இயற்றியதாக அவர் சொன்னாரோ, அதே வருஷம் ஃப்ளோரிடாவில் ரெய்ஃபோர்டு என்ற இடத்தில் எத்தல் பெஸ்ட் என்ற பெண் சில கூட்டாளிகளுடன் இதைப் பாட, ஜான் லோமாக்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஃப்ரே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. காதில் விழுந்த ஜெபமொன்றிலிருந்து பாட்டு பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். காதில் விழுந்ததற்கும் இயற்றியதற்கும் நடுவிலுள்ள கோடு அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் சட்டம் இருந்த பக்கத்தில் அவர் இருந்தார். வைலி இல்லை.

ஆப்பிரிக்கக் கதைக்கும் ஃப்ரேயின் ஆதரவு உண்டு. மிஷனரிக் குடும்பமொன்று தம் பாட்டை அங்கோலாவுக்குக் கொண்டுபோய், அங்கத்து மொழியில் 'கும்பயா'வாக 1946இல் திரும்பக் கொண்டுவந்தது என்றார். அங்கோலாவின் லுவாலே மொழியில் அப்படியொரு சொல் இல்லை என்று இதை ஆராய்ந்த ஸ்டீஃபன் வினிக் எழுதியிருக்கிறார். ஆனாலும் கதை நின்றது. ஏன் என்று யோசித்தால் சங்கடமான பதில் கிடைக்கிறது. கறுப்பர்கள் பேசுவது ஆங்கிலமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. முந்நூறு வருஷமாக அந்த மண்ணில் அந்த மொழியைப் பேசிவந்தவர்களின் வாயிலிருந்து வந்த ஒரு சாதாரண வாக்கியத்தைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி, அங்கிருந்து அதிசயப் பொருளாக இறக்குமதி செய்தார்கள்.

மற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒஹையோவில் லின் ரோபோ வெளியிட்ட சிறிய பாட்டுப் புத்தகங்கள் 1950களில் இதை முகாம்களுக்குக் கொண்டுபோயின. 1957 கோடையில் ஓபர்லின் கல்லூரி மாணவர்கள் 'ஃபோக்ஸ்மித்ஸ்' என்ற பெயரில் முகாம் முகாமாகப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். இசைத்தட்டும் வந்தது. 1958இல் பீட் சீகர், 1962இல் ஜோன் பயஸ். அந்த மாணவர்களில் ஒருவரான ஜோ ஹிக்கர்சன் பின்னாளில், 1974இலிருந்து 1988வரை, லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் நாட்டுப்பாடல் ஆவணக்காப்பகத்துக்குத் தலைவராக இருந்தார். 1928இல் அந்தக் காப்பகத்தைத் தொடங்கியவர் நம் ராபர்ட் கார்டன்தான். பாட்டை உலகத்துக்குப் பரப்பிய கை ஒன்று, அதன் பழைய மெழுகு உருளை கிடந்த அலமாரிக்கே சாவி வைத்திருந்தது.

1960களில் குடியுரிமைப் போராட்டக்காரர்களும் இதைப் பாடினார்கள். அங்கே 'இங்கே' என்ற சொல்லுக்கு மறுபடி ஒரு இடம் கிடைத்தது. பிறகு வந்தது பரிகாசம். 1990களிலிருந்து அமெரிக்க அரசியல் பேச்சில் 'கும்பயா' ஒரு வசை. எதிராளியுடன் கைகோத்துப் பாடினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிற அசட்டுத்தனத்துக்கு அது பெயர். சமரசம் பேசுகிறவனை வாயடைக்க இந்த ஒரு சொல் போதும்.

கேலி செய்கிறவர்கள் கேலி செய்வது முகாம் பாட்டை. அதற்காக அவர்களை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் பாடிய விதம் அப்படி. ஆனால் பாட்டு சமரசத்தைப் பற்றியதே அல்ல. நான் கேட்ட எந்த வடிவத்திலும் கூப்பிட்டவர் வந்தார் என்று ஒரு வரி இல்லை. வா என்று மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. வராதவரை நோக்கிய முறையீடு அது. ஆறுதல் சொல்வதாக நாமே நினைத்துக்கொண்டோம். சொல்லின் அர்த்தம் தெரிந்திருந்தால் நினைத்திருக்க முடியாது. 'யா' என்பது வெறும் ஒலியாகிப்போன அன்றே இந்தக் கேலி சாத்தியமாகிவிட்டது.

2017இல் ஜார்ஜியா சட்டமன்றம் இந்தப் பாட்டைக் கௌரவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. டேரியனின் பெயர் இப்போது அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்கிறது. நல்லதுதான். நான் வைலியின் பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். 'எச்' என்ற எழுத்துக்கு விரிவு என்ன என்பதை அந்தத் தீர்மானத்தாலும் சொல்ல முடியாது.