தேர்ந்தெடுக்கும் ஆசனம்

தில்லியில் வாழும் நம்மவர் பலரும் ஷாஜஹான் சாலையிலுள்ள தோல்பூர் மாளிகையை அறிவர். நாட்டின் உயர் உத்தியோகங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் அங்கேதான் இயங்குகிறது. அதன் மூலமான கமிஷன் 1926-இல் தோன்றிற்று. தலைமை ஆசனத்தில் ஒரு பெண்மணி அமர்ந்ததோ 1992-இல்.

காரணத்தைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உறுப்பினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பத்தாண்டேனும் சர்க்கார் பதவி வகித்தவராயிருத்தல் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 316-ஆம் பிரிவு. இந்திய ஆட்சிப் பணியின் கதவு பெண்களுக்குத் திறந்ததே சுதந்திரத்திற்குப் பின்னர்தான். திறந்த கதவிலும் தடைகள் இருந்தன. 1951-ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த அன்னா ராஜம் ஜார்ஜிடம், ‘இப்பணி பெண்களுக்கு ஏற்றதன்று, வெளிநாட்டுப் பணியை ஏற்கலாமே’ என்னும் பொருள்படத் தேர்வுக் குழுவினர் சொல்லிப் பார்த்தனர். குழுவில் இருந்தவர் அனைவரும் ஆடவர். அம்மையார் இசையவில்லை, சென்னை ராஜ்யத்திலேயே பணியேற்றார். மணம் புரிந்தால் பதவி போய்விடும் என்று நியமன உத்தரவிலே ஒரு நிபந்தனையும் இருந்தது! அவ்விதி பின்னர் மாற்றப்பட்டது.

1992-இல் தலைமையேற்ற ரோஸ் மில்லியன் பாத்யூ அம்மையார் 1996 வரை அப்பொறுப்பை வகித்தார். அவருக்குப் பின் வந்த பெண் தலைவர்கள் மூவர்: ரஜனி ராஸ்தான் (2014), அல்கா சிரோஹி (2016–17), ப்ரீதி சூதன் (2024–25). மூவருள் எவரும் தலைமையில் ஓராண்டு நிறைவு செய்யவில்லை. ப்ரீதி சூதன் 1983-இல் ஆட்சிப் பணியில் சேர்ந்து, மத்திய சுகாதாரச் செயலாளராக உயர்ந்து, 2022-இல் கமிஷன் உறுப்பினரானவர். ஆறாண்டு அல்லது 65 வயது, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே பதவியின் எல்லை. நெடிய உத்தியோகத்தின் முடிவில் அந்த ஆசனம் அவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களே கிட்டியது.